நனைந்த ரோலைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் ஃபிலிம் சூப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எலுமிச்சைச் சாறு, உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு எல்லாம் கலந்த வெந்நீரில் படமெடுத்த ஃபிலிம் ரோலை ஊறப் போட்டு, வாரக்கணக்கில் காயவிட்டு, அப்புறம் கழுவினால் படமெங்கும் ஊதாவும் பச்சையுமாகக் கறை படர்ந்து அழகாக வருகிறது, மனுஷன் படும் கஷ்டமும் அப்படித்தான், அதில்தான் நம்பிக்கை என்று எழுதியிருந்தார்கள். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எலுமிச்சை பிழிகிறவரிடம் ஃப்ரிட்ஜில் இன்னொரு ரோல் இருக்கிறது. 2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரப் பக்கம் வெள்ளம் வந்து 400 பேருக்கு மேல் செத்தார்களே, அப்போது சேற்றில் கிடந்த கல்யாண ஆல்பங்களை யாரும் ஆசைப்பட்டு ஊறப் போடவில்லை.

நான் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்காரன். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் சிதைத்துவிட்டதால் எங்களுக்கு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் கிடையாது, லாரி வந்தால் வாளியோடு ஓட வேண்டும். அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சேறு அப்பிய கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். "உள்ளே ரோல் இருக்கு தம்பி, அவர் போனப்புறம் கழுவவே இல்ல." நனைந்த ரோலை லேபில் வாங்க மாட்டார்கள், அவர்களுடைய கெமிக்கல் கெட்டுப்போகும், அதைக் குறை சொல்ல முடியாது.

சரி, லேப் கெமிக்கலுக்குப் பதில் காபியில் கழுவலாம் என்று இறங்கினேன். சிரிக்காதீர்கள், 1995இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் செய்து காட்டிய முறை இது. இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, பிற்பாடு சேர்த்துக்கொண்ட வைட்டமின் சி. வேலை செய்வது காஃபின் இல்லை, காபியில் உள்ள வேறொரு அமிலம், அதனால் மலிவான தூளே போதும். வந்த படம் அழியாமல் நிற்க வைக்கும் ஃபிக்ஸர் மட்டும் கடையில்தான் வாங்க வேண்டும். அலசுவதற்கு ஓடும் தண்ணீருக்குப் பதில் இல்ஃபோர்ட் ஃபிலிம் கம்பெனி சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு: ரோலைப் போட்டுக் கழுவும் சின்ன டாங்கியை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10 தடவை, அப்புறம் 20 தடவை. மூன்றே டாங்கித் தண்ணீர். லாரித் தண்ணீரில் அதுவே அதிகம்தான்.

கலர் ரோல்தான், ஆனாலும் காபியில் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். பாதிக்கு மேல் படம் பதியும் ஜெலட்டின் பூச்சு உப்பி உரிந்து போயிருந்தது. ஒரு ஃப்ரேமில் வாழைமரம் கட்டிய வாசல், ஒரு சேலையின் கரை, இடுப்பில் கைவைத்து நிற்கிற ஒருவர், முகத்தில் பாதியைச் சேறு தின்றுவிட்டது. அக்கா அந்த இடுப்புக் கையைப் பார்த்ததுமே ஆளைச் சொல்லிவிட்டார்.

இதில் வெள்ளம் எதையும் அழகாக்கவில்லை, கெடுக்கத்தான் செய்தது. ஷட்டர் திறந்த நொடியில் விழுந்த வெளிச்சம் ஏற்கெனவே உள்ளே பதிந்திருந்தது, கழுவ ஆள் வரும்வரை கிடந்தது, அவ்வளவுதான். 1897இல் பலூனில் வடதுருவம் போகக் கிளம்பி மாண்டுபோன ஸ்வீடன்காரர்களின் ஃபிலிம் 1930இல் பனிக்கு அடியில் கிடைத்து, கழுவியபோது 93 படங்கள் தேறின. நம்பிக்கை என்று கட்டுரையாளர் சொல்வதை நான் அந்தப் பக்கம்தான் தேடுவேன், கறையின் பக்கம் இல்லை.

மழைக்காலம் வருவதற்குள் நீங்கள் ஒரு பெட்டிச் செய்தி போட்டால் புண்ணியம். நனைந்த படங்களும் நெகட்டிவ்களும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சேறு போக அலசி நிழலில் பரப்ப வேண்டும், உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீஸரில் வைத்துவிடலாம். கழுவாத ரோல் யாரிடமாவது இருந்தால் உங்கள் அலுவலகம் வழியாகச் சொல்லி அனுப்பட்டும், நான் செய்து தருகிறேன். காசு வேண்டாம், காபித்தூள் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
டொங்காட் வாசகன்