முதியவர்களைக் கட்டிலிலேயே வைத்திருக்காதீர்கள்: ஒரு திறந்த மடல்

மருத்துவமனை வார்டுகளின் பொறுப்பில் இருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்து சேர்கிற 75 வயதுக்காரர் பல நேரம் தானே நடந்துதான் உள்ளே வருகிறார். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போனபின் கழிவறைக்கு நடக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. ‘வயசாயிடுச்சு இல்லையா’ என்று குடும்பமும் ஏற்றுக்கொள்கிறது. வயதை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அந்த ஒரு வாரமும் அவர் படுத்தே கிடந்தார்.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த 12 முதியவர்கள் 10 நாள் படுக்கையிலேயே இருந்தார்கள். அவர்களுடைய கால்களில் தசை ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்துபோனது. நோயோடு, சரியாகச் சாப்பிடவும் முடியாமல் கிடப்பவர் நிலைமை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். படுக்கையின் ஆபத்தைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947-இலேயே எழுதிவிட்டார்.

விழுந்துவிடுவார்களோ என்ற உங்கள் பயம் புரிகிறது. வார்டில் ஒருவர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். கால் வலு போய் வீட்டில் விழுந்தாலோ, அது யார் கணக்கிலும் வருவதில்லை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்தவரையே மறுநாள் எழுப்பி நிற்க வைக்கிறீர்களே, நிமோனியாக்காரரை மட்டும் ஏன் ‘எழுந்திரிக்காதீங்க’ என்கிறோம்?

சேர்க்கும்போதே வீட்டில் எப்படி நடந்தார் என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். சாப்பாட்டை நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள். கண்ணாடி, செருப்பு, கைத்தடி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தேவை முடிந்த சிறுநீர்க் குழாயை அன்றே எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை அவர் கட்டிலோடு கட்டப்பட்டவர்தான். ஆள் பற்றாக்குறை உண்மை. அப்படியானால் கூட இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ சொல்லிக்கொடுங்கள்: முதலில் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார வேண்டும், தலைசுற்றல் இல்லையென்றால் மட்டும் எழ வேண்டும்.

இழந்த வலுவை மீட்கவும் முடியும். 1990-இல் வெளியான ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்ததும் கால் வலு இரு மடங்குக்கும் மேல் கூடியது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே அதையும் எழுதுங்கள்: எந்தப் பயிற்சி, எத்தனை முறை, யார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று.