பக் பட்ட அடியை மறைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜாக் லண்டன் 1903-இல் எழுதிய 'தி கால் ஆஃப் தி வைல்ட்' நாவலைப் பற்றி பாளையங்கோட்டையில் எங்கள் வாசக நண்பர்களிடையே பெரிய வாக்குவாதம். ஒரு நாயை இப்படி அடித்துத் துவைக்கும் கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்கிறார்கள் சிலர். நாயின் மனசை இவ்வளவு கிட்டத்தில் போய்ச் சொன்ன நாவல் அபூர்வம் என்பது என் கட்சி.

நீதிபதி வீட்டில் செல்லமாக வளர்ந்த பக் என்ற நாயைத் தோட்டத்து ஆளே திருடி விற்கிறான். நாய்களைப் பணியவைக்கும் சிவப்பு ஸ்வெட்டர்க்காரன் ஒருவன் தடியால் அடிக்க அடிக்க, அது விழுந்து எழுந்து மறுபடியும் பாய்கிறது. படிக்கக் கஷ்டம்தான். ஆனால் தங்கம் தேடி ஜனங்கள் கனடாவின் க்ளாண்டைக்குக்கு ஓடிய காலத்தில் பனிவண்டி இழுத்த நாய்கள் பட்ட பாடு கொஞ்சமா? அதைத் துடைத்துவிட்டால், அப்புறம் பக்கைக் காப்பாற்றும் ஜான் தார்ன்டன் காட்டும் பிரியத்துக்கு என்ன மதிப்பு?

கோவில்பட்டிப் பக்கம் சிப்பிப்பாறை நாயோடு கரிசலில் திரியும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அந்நியமே இல்லை. முயலைக் கண்டதும், கூப்பிட்ட குரல் காதில் விழாமல் பறக்கும் நாயை அவர்களுக்குத் தெரியும்.

நாவல் அந்த மண்ணின் பூர்வகுடிகளைக் காட்டிய விதம் மட்டும் எனக்கும் உடன்பாடில்லை; அதை வகுப்பிலேயே பேசலாம். பள்ளி நூலகங்கள் அடி உதையை நீக்கிய சுருக்கப் பதிப்பை விட்டுவிட்டு, முழு நாவலையே வாங்கி உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும்.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை