1980-க்கு முன் ஆடியவர்களுக்காக: பேஸ்பால் ஆட்டக்காரர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டக்காரர் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அணி முதலாளிகளோடு நீங்கள் 2022-இல் போட்ட ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வருமா, ஆட்டங்கள் நின்றுபோகுமா என்பதுதான் எங்கும் பேச்சு. அந்தப் பேச்சில் அடிபடாத சில நூறு முதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களைப் போலவே, அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தளமான மேஜர் லீகின் சீருடை அணிந்து ஆடியவர்கள் அவர்கள். ஓய்வூதியம் மட்டும் கிடையாது.

1980 வரை இருந்த விதிப்படி, நான்கு ஆண்டு மேஜர் லீகில் இருந்தவருக்கே ஓய்வூதியம். அணிப் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டாகக் கணக்கு. 1980 மே மாதம், வேலைநிறுத்தம் தொடங்க இருந்த நேரத்தில் முடிந்த பேரத்தில் அந்த விதி அடியோடு மாறியது. அணிப் பட்டியலில் ஒரே ஒரு நாள் இருந்தாலும் மருத்துவக் காப்பீடு, 43 நாள் இருந்தால் ஓய்வூதியம். உங்கள் சங்கம் பெருமைப்படவேண்டிய வெற்றி அது. ஆனால் அதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுப் போனவர்களை அதில் சேர்க்கவில்லை. அதனால் 1979-இல் மூன்றரை ஆண்டுக் கணக்கோடு விலகியவருக்கு ஓய்வூதியம் இல்லை. அடுத்த ஆண்டுகளில் வந்து ஒன்றரை மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆயுள் முழுக்க உண்டு.

டேவிட் கிளைடு என்ற பெயர் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் 1973-ஆம் ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர், வயது 18. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்குக் கூட்டம் சேராத காலம் அது. பள்ளிப் படிப்பை முடித்த அதே மாதத்தில், ஆட்டக்காரர்கள் பழகி வளரும் கீழ்நிலை ஆட்டமான மைனர் லீகில் ஒரு பந்துகூட எறியாத அந்தப் பையனை நேராக மேஜர் லீக் மைதானத்தில் இறக்கினார்கள். ஜூன் 27 அன்று ஆர்லிங்டன் மைதானம் முதல் முறையாக நிரம்பி வழிந்தது. முதல் இரண்டு பேருக்குக் குறி தவறி எறிந்து, வாக் என்று முதல் தளத்தை இலவசமாகக் கொடுத்தார், அடுத்த மூன்று பேரையும் பந்தை அடிக்கவிடாமல் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ஐந்து இன்னிங்ஸில் எதிரணிக்கு ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். ஆட்டத்தையும் வென்றார். பையனை மைனர் லீகுக்கு அனுப்பிப் பக்குவப்படுத்தலாம் என்று மேனேஜர் வைட்டி ஹெர்சாக் கேட்டார். டிக்கெட் விற்கவேண்டுமே, உரிமையாளர் விடவில்லை. பிறகு தோள் வலி, இடையில் மைனர் லீக், கடைசியில் கிளீவ்லாந்து அணி. 1979-க்குப் பிறகு மேஜர் லீகில் அவர் ஆடவில்லை. நான்கு ஆண்டுக் கணக்குக்கு 37 நாள் குறைந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு சிறுவனை வைத்து அரங்கை நிரப்பிக்கொண்ட ஆட்டம், 37 நாளைச் சொல்லி அவரைக் கைவிட்டிருக்கிறது.

நான்கு ஆண்டை எட்டுவது ஆட்டக்காரர் கையில் மட்டும் இருந்ததா? மேலே கூப்பிடுவதும் கீழே அனுப்புவதும் அணியின் விருப்பம். முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சையே 1974-இல்தான் முதன்முதலாக நடந்தது. அதற்கு முன் கை போனால் வேலையும் போயிற்று. சம்பளத்தில் சேர்த்துவைக்கவும் வழியில்லை. 1968-இல் சங்கம் போட்ட முதல் ஒப்பந்தம்தான் குறைந்தபட்சச் சம்பளத்தை ஆண்டுக்கு 6,000 டாலரிலிருந்து 10,000 ஆக்கியது. பிட்ஸ்பர்க் அணியின் ரிச்சி ஹெப்னர் குளிர்காலத்தில் கல்லறையில் குழி வெட்டிச் சம்பாதித்தார்.

நினைத்துப் பாருங்கள், உங்கள் சங்கம் நடத்திய முதல் வேலைநிறுத்தமே ஓய்வூதியத்துக்காகத்தான். 1972 ஏப்ரலில் இரண்டு வாரம் மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. 86 ஆட்டங்கள் நடக்கவே இல்லை. அந்த நாட்களின் சம்பளத்தை எல்லோரும்தான் இழந்தார்கள். அப்படி இழந்தவர்களில் சிலர்தான் இன்று ஓய்வூதியம் இல்லாமல் இருக்கிறார்கள்.

2011-இல் நீங்களும் லீகும் சேர்ந்து அவர்களுக்கு ஓர் உதவித்தொகையை அறிவித்தீர்கள். ஒவ்வொரு 43 நாள் கணக்குக்கும் ஆண்டுக்கு 625 டாலர், உச்சம் 10,000. 2022-இல் 15 சதவீதம் கூட்டினீர்கள். இப்போது உச்சம் 11,500, அதிலும் வரி போகும். செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. முப்பது ஆண்டாக ஒன்றுமே இல்லாத இடத்தில் அது ஒரு தொடக்கம். ஆனால் அந்தப் பணம் வாங்குபவர் மூச்சு நின்றதும் நின்றுவிடுகிறது. மனைவிக்குப் போகாது. உங்கள் ஓய்வூதியம் உங்களுக்குப் பிறகு உங்கள் துணைவிக்குப் போகும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தின் பேர வட்டத்துக்குள் வரமாட்டார்கள், அவர்களுக்காகப் பேசும் கடமை சட்டப்படி எங்களுக்கு இல்லை என்பார்கள் உங்கள் வழக்கறிஞர்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 2011-இலும் 2022-இலும் பேசினீர்களே.

தன்னை வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குப் போட்ட ஆட்டக்காரர் கர்ட் பிளட்டை உங்கள் சங்கம் மறக்காது. என்னைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல என்று 1969 டிசம்பரில் லீகின் தலைமை ஆணையருக்குக் கடிதம் எழுதி, உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-இல் தோற்றவர். அவர் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அன்று ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட நீதிமன்றத்தில் வந்து உட்காரவில்லை. பயம் காரணமாக இருக்கலாம். இன்று உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

பணமும் தடையில்லை. 500 பேர் என்றே வைத்துக்கொள்வோம். அத்தனை பேருக்கும் இப்போதைய உச்சத் தொகையான 11,500 டாலரைக் கொடுத்தாலும் ஆண்டுக்கு 57.5 லட்சம் டாலர். 2026-இல் ஒரு புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 7,80,000. எட்டுப் புதுமுகங்களின் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். இன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோவின் 15 ஆண்டு ஒப்பந்தம் 76.5 கோடி டாலர். அவர் வாங்குவது தவறு என்று சொல்லவில்லை, அவர் உழைப்புக்கு அது தகும். இந்த விளையாட்டில் பணம் எவ்வளவு புரள்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கணவர் இறந்தாலும் உதவித்தொகை மனைவிக்குத் தொடரவேண்டும். இதை முதல் கோரிக்கையாக வையுங்கள், ஏனென்றால் இவர்களில் பலர் எண்பதை நெருங்கிவிட்டார்கள், கடந்தும்விட்டார்கள். அடுத்து மருத்துவக் காப்பீடு. பிறகு, 43 நாள் விதியை 1980-க்கு முன் ஆடியவர்களுக்கும் பொருத்தி முழு ஓய்வூதியம். கடைசிக் கோரிக்கையை முதலாளிகள் எளிதில் ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். முதல் கோரிக்கையை மறுக்க அவர்களால் என்ன காரணம் சொல்லமுடியும்? பேச்சுவார்த்தை மேசையில் இதை வைத்துவிட்டு, முதலாளிகள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
ஒரு பேஸ்பால் ரசிகன்