சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூர்,
மார்கழி கடைசி வாரம் (2026 ஜனவரி).

அன்புள்ள சண்முகம்,

நீ அனுப்பிய பிரசார நோட்டீஸின் மாதிரி வந்து சேர்ந்தது. எட்டுப் பக்கம், வழுவழுப்பான தாள், பக்கத்துக்கு ஒரு படம். "தொழிலாளிகள் கையில் போய்ச் சேரப் போகிற நோட்டீஸ், அவர்களோடு பழகுகிறவன் நீ, படித்துச் சொல்லுடா" என்று எழுதியிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சிக்கண்ணா காலேஜில் படித்த காலத்திலிருந்து நீ யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. காகிதத்தில் எழுதினால் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பழையபடி பேப்பர் படிக்கிறார். பெரியசாமி மறுபடியும் கோழிப்பண்ணை என்று கிளம்பியிருக்கிறான், நீ சொன்னால் கேட்பான், ஒரு வார்த்தை சொல்லிவை. வாத்தியாரைப் போன வாரம் பார்த்தேன். அந்த சைக்கிள் விஷயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் நோட்டீஸின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பெரிய அம்பு மேலே போகிறது. வளர்ச்சி. உன் கம்பெனி எந்தக் கட்சிக்கு எழுதுகிறது என்பதை விடு, இரண்டு பக்கமும் இதே அம்பைத்தான் காட்டுகிறார்கள். டெல்லியில் இருப்பவர்கள் உலகத்தின் நான்காவது பெரிய பொருளாதாரம் என்கிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் 2024-25இல் தமிழ்நாடு 11.19 சதவீதம் வளர்ந்தது, 2030இல் ஒரு டிரில்லியன் டாலர் என்கிறார்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன், அந்த எண்களின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் போட்டுக் கொடுக்கிறவனும் நான்தான். அந்தக் கவரை வாங்கிப் பிரிக்கிற கைகளுக்கும் உன் அம்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கனகா அக்காவை உனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பனியன் கம்பெனியில் இன்னும் ஓவர்லாக் தையல் மெஷினில்தான் இருக்கிறார். ஷிப்டுக்கு 550 ரூபாய். ஆர்டர் நன்றாக இருக்கும் நாட்களில் தினம் ஒன்றரை ஷிப்ட், வாரம் ஒன்பது ஷிப்ட், கையில் 4,950. அதை நம்பித்தான் அவர் இரண்டு குழு லோன் எடுத்தார். ஒன்று மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, இன்னொன்று மகள் திவ்யாவின் காலேஜுக்கு. ஒரு குழுவுக்கு வாரம் 850, இன்னொன்றுக்கு 700. ஷிப்ட் ஓடும்போது அது பெரிய பாரமாகத் தெரியவில்லை.

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டான். இந்த ஊரிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 45,000 கோடிக்குச் சரக்கு வெளிநாடு போகிறது, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்கு. வரி வந்ததும் சில ஆர்டர்கள் நின்றன, சிலவற்றுக்கு விலையைக் குறைக்கச் சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஓவர்டைம் நின்றது. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் மெஷின் நின்றது. கனகா அக்காவுக்கு நான்கு ஷிப்ட், 2,200 ரூபாய். லோன் கட்டிய பிறகு 650. ஏழு நாள் சாப்பாடு, மாமாவின் மாத்திரை, காலேஜுக்குப் பஸ், எல்லாம் அந்த 650இல்.

இப்போது உன் ஐந்தாம் பக்கத்தைப் பார். வேலையின்மை குறைந்திருக்கிறது என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறாய். மாதாமாதம் வருகிற அந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? கணக்கெடுக்கும் நாளுக்கு முந்தைய ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். உலகம் முழுக்க ஏறக்குறைய இந்த மாதிரிதான் எடுக்கிறார்கள், அதில் தப்பு இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்பது ஷிப்ட் பார்த்த கனகா அக்காவும் ஒருவர், நான்கு ஷிப்ட் பார்த்த கனகா அக்காவும் ஒருவர். அவர் வீட்டில் பாதிக்கு மேல் வருமானம் போய்விட்டது, உன் பச்சை எழுத்தில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. அந்த நோட்டீஸ் அவர் கைக்கு வந்தால் என்ன நினைப்பார்? தன்னைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் எழுதியது என்றுதான் நினைப்பார். அதுதானே உண்மையும்?

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் ஒன்று. அமெரிக்காவிலேயே 2024 தேர்தலில் நடந்தது இதுதான். 2023இல் அங்கே வேலையின்மை 3.4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, ஐம்பது வருஷத்தில் பார்க்காத அளவு. 2022 ஜூனில் 9.1 சதவீதம் இருந்த விலைவாசி உயர்வும் மெல்ல அடங்கிவிட்டது. ஆட்சியில் இருந்தவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் மளிகை வாங்கப் போனவர்களுக்கு நான்கு வருஷம் முந்தைய விலையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. முட்டை, வாடகை, கார் இன்சூரன்ஸ். விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர ஏறிய விலை இறங்கவில்லை. "உன் நிலைமை நன்றாகத்தான் இருக்கிறது" என்று கஷ்டப்படுகிறவனிடம் சொன்னால் அவனுக்குக் கோபம்தான் வரும். தோற்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இது பெரிய காரணம். அந்தக் கோபத்தில் ஜெயித்து வந்தவர் வரியைப் போட்டார், அந்த வரி கனகா அக்காவின் ஷிப்டைக் குறைத்தது. அங்கே ஒரு கட்சி தன் தொழிலாளிகளிடம் சரியாகப் பேசாமல் விட்டதற்கு இங்கே அனுப்பர்பாளையத்தில் ஒரு குடும்பம் அரை வயிறு சாப்பிடுகிறது. இதை நான் மிகைப்படுத்தவில்லை, சண்முகம்.

நம் ஊரிலும் அதே பேச்சுதான். அக்டோபரில் சில்லறை விலைவாசி உயர்வு 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2012ஐ அடிப்படையாக வைத்த கணக்கு முறை வந்த பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லையாம். நீயும் ஏழாம் பக்கத்தில் போட்டிருக்கிறாய். அது தக்காளியும் வெங்காயமும் போன வருஷத்தைவிட மலிவாக இருந்ததால் வந்த எண். அக்காவின் வாடகை 4,500 மலிவாகவில்லை. கேஸ் சிலிண்டர் 2025இல் சென்னை விலைக்கு 868 ரூபாய் 50 காசு. 2023இல் 1,118 வரை போய் வந்தது, அதனால் குறைத்துவிட்டோம் என்கிறார்கள் ஒரு பக்கம். சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் தருவோம் என்று 2021இல் சொன்ன இன்னொரு பக்கம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தங்கம் சவரன் லட்சத்தைத் தொட்டுவிட்டது. திவ்யாவுக்கு ஒரு தோடு வாங்குகிற யோசனையைக்கூட அக்கா விட்டுவிட்டார்.

செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டியைக் குறைத்தார்கள். ஷாம்பு, சோப்பு, பற்பசை எல்லாம் 18இலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அக்கா வாங்குவது ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட். அந்த விலையில் சில்லறையாகக் குறைக்க முடியாது என்று கம்பெனிகள் உள்ளே சில கிராம் கூட்டிப் போட்டன. வரி குறைந்தது என்று சொன்னால் "எங்கே குறைஞ்சது?" என்று கேட்கிறார். கேட்பது நியாயம், அவர் கொடுக்கிற நோட்டும் நாணயமும் அதேதான்.

எனக்கு ரொம்ப நாளாக மனசை அறுக்கிற விஷயம் கரண்ட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று 2016இலிருந்து எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற லைன் வீட்டில் குடியிருப்பவனுக்கு அது எங்கே போய்ச் சேர்கிறது? அக்கா இருக்கிற லைனில் வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். 120 யூனிட் ஓடினால் 1,200 ரூபாய். அக்காவின் பேரில் தனி இணைப்பு இருந்தால் நூறு ரூபாய்கூட வராது. இந்த ஊரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "உங்களுக்கு இலவச மின்சாரம் கொடுத்தோம்" என்று நோட்டீஸ் நீட்டினால் வாங்கி மடித்துக் குழந்தையின் மூக்கைத் துடைப்பார்கள். தேர்தல் நேரத்தில் ஒரு கட்சியாவது "வாடகைக்கு இருப்பவருக்கும் அந்த நூறு யூனிட் சேரும்படி செய்வோம், இன்ன வழியில் செய்வோம்" என்று சொல்லட்டும். ஒரு லைனில் இருக்கிற அத்தனை கதவும் திறக்கும்.

2004 நினைவிருக்கிறதா? உன் முதல் போஸ்டர் வேலை. "இந்தியா ஒளிர்கிறது" என்று டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வளர்ச்சி எட்டு சதவீதத்தை ஒட்டி இருந்தது, அதுவும் பொய்யில்லை. ஆனால் நம் பக்கம் வரிசையாக மழை பொய்த்து, தறிக்கும் வயலுக்கும் வேலை இல்லாமல் ஜனங்கள் ஊரைவிட்டு இங்கே வந்து இறங்கினார்கள். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் என்றால் ரேஷன் கார்டில் "எச்" முத்திரை, அரிசி கிடையாது. மே 13ஆம் தேதி முடிவு வந்தபோது தமிழ்நாட்டில் 39 தொகுதியிலும் அ.தி.மு.க.-பா.ஜ.க. கூட்டணி தோற்றது. அடுத்த சில நாளிலேயே முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அம்மையார் எச் முத்திரையை ரத்து செய்தார், விவசாயிகளுக்கு இலவச மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். எது ஜனங்களைச் சுட்டது என்று அதுவரை தெரியாமலா இருந்தது? தெரிந்தும் பேச்சு மட்டும் ஒளியைப் பற்றியே இருந்தது.

அதற்கு எதிர்ப்பக்கம் 1967 தேர்தலில் தி.மு.க. பேசிய பேச்சு. என் பாட்டி சாகும் வரை சொல்வார், "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று. அரிசிப் பஞ்ச காலம். படி எவ்வளவு என்று எந்த அடுப்பங்கரையிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் கொடுத்துப் பார்த்தார்கள், மற்ற இடங்களுக்குக் கொண்டுபோக முடியவில்லை, மூன்று படி வரவே இல்லை. அதையும் பாட்டி சொல்வார். அப்படியிருந்தும் அந்தப் பேச்சின் மேல் அவருக்கு மரியாதை இருந்தது, ஏனென்றால் தன் பானையில் என்ன இல்லை என்று யாரோ பார்த்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது.

மகளிர் உரிமைத்தொகை ஆயிரம், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம், இவை ஏன் வீட்டுக்கு வீடு பேச்சாகின்றன என்று நினைக்கிறாய்? சென்னையில் சிலர் "ஓசி" என்று ஏளனம் செய்கிறார்கள், எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஷிப்ட் குறைந்த வாரத்திலும் 15ஆம் தேதி அந்த ஆயிரம் வந்துவிடுகிறது. வாரக் கணக்கில் வாழ்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய பிடிமானம் என்பது மாதச் சம்பளம் வாங்குகிறவருக்குப் புரியாது. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வதும் சரியில்லை. குழு லோன்காரன் வாசலில் வந்து உட்காருவதைத் தடுக்கச் சட்டசபையில் 2025இல் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டம் இருப்பது அக்காவுக்குத் தெரியாது. எட்டுப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி உண்டா? யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு வரி?

அப்புறம், எங்கள் கம்பெனியில் கட்டிங்கிலும் அயர்னிங்கிலும் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, உன் நோட்டீஸில் அவர்களும் இல்லை. ஷிப்ட் குறைந்ததும் முதலில் ரயில் ஏறியது அவர்கள்தான்.

நான் கேட்பது இதுதான். மூன்றாம் பக்கத்தை எடுத்துவிடு. அந்த இடத்தில் நாலு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லு உன் கட்சிக்காரர்களை: ஆர்டர் இல்லாத வாரத்துக்கு ஷிப்ட் தொழிலாளிக்கு என்ன வழி, வாடகை வீட்டுக்கு நூறு யூனிட் எப்படி வரும், வாரத் தவணை தவறினால் யார் துணைக்கு வருவார்கள், ஷிப்ட் கூலி ஒப்பந்தத்தில் போட்ட தொகையைக் கொடுக்காத இடத்தில் யார் போய்க் கேட்பார்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே அச்சடி. அவர்கள் அதை உன் அம்பைவிட நம்புவார்கள். இது உன் வேலைக்கு ஆபத்து என்றால் என் பெயரைச் சொல்லு, நான் அங்கே வந்து நேரில் பேசத் தயார்.

திவ்யா பி.காம். முடிக்கப் போகிறாள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நல்ல பெண்கள் விடுதி எது, மாதம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று உன் தங்கையிடம் கேட்டு உடனே எழுது. அட்வான்ஸ் விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம், அதை நீயும் நானும் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ராஜேந்திரன்