பொடித் தொழிலுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் நான் நடத்திவரும் இட்லிப் பொடி, பருப்புப் பொடித் தொழில் இப்போது ஓக் ட்ரீ சாலையின் மளிகைக் கடைகள் வரை வந்திருக்கிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதாலும், உங்கள் உதவி எத்தகையது என்பதை என்னைப் போன்ற புலம்பெயர்ந்த பெண்கள் அறிய வேண்டும் என்பதாலும் இந்த மடலை எழுதுகிறேன்.

துணிந்து இறங்கச் சொல்வதற்குப் பலர் இருந்தார்கள். ஆனால் ஒரு பாக்கெட்டின் அடக்க விலையைக் கணக்கிட்டுப் பார்க்க உடன் உட்கார்ந்தவர், ஸ்கோர் அமைப்பின் வழிகாட்டியாக வந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா ஒருவரே. 1964 முதல் சிறுதொழில் செய்வோருக்குக் கட்டணமில்லாமல் ஆலோசனை வழங்கிவரும் தன்னார்வலர்களின் அமைப்பு அது. பருப்பும் மிளகாயும் வறுபடும்போது இழக்கும் எடை, ஒட்டும் லேபிள், கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக என் உழைப்புக்கான கூலி என ஒவ்வொன்றையும் அவர் தாளில் எழுத வைத்தார். பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்கு விலை போடுவதில்லை என்ற பழக்கத்தை அந்தத் தாள்தான் என்னிடமிருந்து அகற்றியது. ஐயா, அதற்காக உங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொழில் தொடங்கும் பெண்களுக்குப் பயிற்சி தரும் பெண்கள் தொழில் மையத்தில் லேபிள் பற்றிக் கற்றுத்தந்த அம்மையாருக்கு அடுத்த நன்றி. பொருட்களின் பெயர்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்த வேண்டும் என்பது எளிதில் விளங்கிவிட்டது. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் ஒவ்வாமை தரும் முதன்மை உணவுப் பொருட்களின் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது என்பதையும், எள் சேர்த்த இட்லிப் பொடியில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால், நான் பயன்படுத்தும் டப்பாவையே கொண்டுவரச் சொல்லி வரி வரியாகப் படித்தார். கோதுமை ஒவ்வாத ஒரு குழந்தையின் உடல்நலம் அந்தச் சிறிய எழுத்துகளில் அடங்கியிருக்கிறது என்பதை நினைக்கும்போது, அவருடைய பொறுமையின் அருமை எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

வீட்டில் சுட்ட பண்டங்களை விற்க இந்த நாட்டில் கடைசியாக, 2021 அக்டோபரில்தான், எங்கள் மாநிலம் வழிவிட்டது. அந்த அனுமதியும் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்பதற்கு மட்டுமே. கடைகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் உரிமம் பெற்ற சமையற்கூடம் தேவை. வாடகைக்கு எடுத்த அத்தகைய பொதுக் கூடத்தில் எனக்கு முன்பே வேலை செய்துவந்த இரு பெண்கள், கேக் சுடும் கறுப்பினச் சகோதரியும் எம்பனாடா என்னும் பூரணம் வைத்த பண்டம் செய்யும் டொமினிகன் சகோதரியும், தங்கள் நேரத்தை எனக்காக மாற்றிக்கொண்டார்கள். நம் பொருளால் யாருக்காவது கேடு நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்புக் காப்பீட்டின் சான்றிதழைக் கடைக்காரர்கள் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லி, தங்கள் காப்பீட்டு ஆவணங்களைக் காட்டி விளக்கியவர்களும் அவர்களே. வங்கிக் கடன் விண்ணப்பத்தில் அவர்கள் தடுக்கப்பட்ட இடங்களில் நானும் தடுமாறக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது.

எச்-4 விசாவில், அதாவது இங்கே வேலை விசாவில் இருக்கும் கணவரைச் சார்ந்து, வந்த எனக்கு, 2015இல் வந்த விதியின்கீழ் வேலை அனுமதி கிடைத்த பிறகும், வீட்டு வாடகையும் கடன் அட்டையும் கணவர் பெயரிலேயே இருந்ததால் கடன் வரலாறு, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டியதற்கான பதிவு, என்று ஒன்று இல்லை. ஒரு வங்கி அந்தக் காரணத்தைச் சொல்லியே என்னைத் திருப்பி அனுப்பியது. இணையத்தில் பலரிடமிருந்து சிறு தொகைகளைத் திரட்டிக் கடன் தரும் கிவா அமைப்பின் வட்டியில்லாக் கடன், 15,000 டாலர் வரை, கடன் வரலாற்றை அன்றி மனிதரின் நம்பகத்தன்மையை முதன்மையாகப் பார்க்கிறது. அதற்கு முதலில் நமக்குத் தெரிந்தவர்கள் சிலர் கடன் கொடுக்க முன்வர வேண்டும். ஆளுக்கு 25 டாலர் கொடுத்து அந்தத் தொடக்கத்தைச் சாத்தியமாக்கிய தமிழ்ச் சங்கத்துத் தோழியருக்கும், என் முகம் பார்த்திராமலே மீதியை நிரப்பிய அன்பர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

1988க்கு முன்பு சில மாநிலங்களில் தொழில் கடன் வாங்கும் பெண், கணவரோ வேறொரு ஆண் உறவினரோ கையொப்பமிட்டால்தான் கடன் பெற முடியும் என்ற நிலை இருந்தது. அதற்கு முடிவு கட்டிய சட்டத்துக்காகவும், அதே சட்டம் வித்திட்ட பெண்கள் தொழில் மையங்களுக்காகவும் போராடியவர்களை நான் சந்தித்ததில்லை; அவர்களுக்கும் இந்த மடல் உரியது.

அடக்க விலைத் தாளையும் லேபிள் மாதிரியையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். தேவைப்படும் பெண்கள் தயங்காமல் கேட்கலாம். பெருங்காய டப்பாவை மட்டும் மறக்காமல் கொண்டுவர வேண்டும்.

நன்றியுடன்,
எடிசனிலிருந்து பொடித் தொழில் செய்யும் உங்கள் சகோதரி