கண்ணுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கண்ணு,

ராகி மாவும் பருப்புப் பொடியும் நேற்று கூரியரில் போட்டாச்சு. ராகியை முளைகட்டிக் காயவைத்துச் சலித்துத்தான் அம்மா கொடுத்திருக்கிறாள். குட்டிக்கு ஆறு மாதம் முடிந்ததும் காய்ச்சிக் கொடு, அவசரப்படாதே.

மூன்று ஞாயிறாக நீ என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அவள் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. போனை வைத்ததும் அடுப்படியில் போய் நின்றுகொள்கிறாள். எனக்குத் தெரியாதா?

உன் பிரசவ லீவு அடுத்த மாதம் முடிகிறது. காலண்டரில் குறித்திருக்கிறேன். 2017-இல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 வாரமாக ஆக்கினார்களே, அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். ஆபீஸில் கேட்டாயா? வாயால் கேட்காதே, எழுதிக் கேள்.

நீ ரிலே செட்டிங் போட்ட சப்ஸ்டேஷனைச் சார்ஜ் செய்து கரண்ட் விட்ட அன்று அனுப்பிய போட்டோவை வாக்கிங் வருகிற எல்லோரிடமும் காட்டிவிட்டேன். ஹெல்மெட்டில் உன் முகமே தெரியவில்லை, ஆனாலும் காட்டினேன். அந்தப் போட்டோவில் நிற்கிற பிள்ளை, குழந்தை தூங்காத ராத்திரியில் உட்கார்ந்து ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. எடுத்திருந்தாலும் அனுப்பிவிடாதே. அவசரப்படாதே கண்ணு.

கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் 1940-களில் எலெக்ட்ரிகல் படித்த லலிதாவின் கதையை உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்து, அப்புறம் படித்து, பக்ரா நங்கல் அணையின் மின்பாதைகளுக்கு வேலை செய்தவர். அவருடைய தைரியத்தை மட்டும்தான் சொன்னேன். கல்கத்தாவில் அவர் வேலைக்குப் போனபோது குழந்தைக்கு உடன்பிறந்தவர் குடும்பம் துணையிருந்தது. அதைச் சொன்னதே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. அம்மா தானாகவே வேலையை விட்டாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அப்படியில்லை. உனக்கு எட்டு மாதம். காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் பையனிடம் சொல்லியனுப்பினாள். பாய்லரில் டியூப் லீக், எனக்கு நைட் ஷிப்ட் முடிந்திருந்தது, அடுத்த ஷிப்ட் ஆட்களும் வந்துவிட்டார்கள். நான் கிளம்பியிருக்கலாம். மத்தியானம்தான் வந்தேன். வந்து, “டிராயிங் போடுகிற வேலைதானே, விட்டுடு” என்றேன். ராஜினாமாக் கடிதத்தையும் நானே எழுதினேன். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.

பரணில் இருக்கும் பச்சைப் பெட்டியைத் தொட்டால் திட்டுவாளே, அதில் அவள் டிராயிங் போட்ட கருவி, அந்த டிராஃப்டர் இருக்கிறது. போன வாரம் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டாள்.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. உன் ராஜினாமாக் கடிதத்தை யார் எழுதியது? நீயே யோசித்து எழுதியது என்றால் அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டேன். மாப்பிள்ளை நல்லவர். அவரிடமும் இதைப் படிக்கக் கொடு.

பதினெட்டாம் தேதி சேரனில் சேலத்திலிருந்து ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன். எனக்கு மட்டும்தான். அம்மாவுக்கு இஷ்டமிருந்தால் அப்புறம் வரட்டும். எனக்கு டயபர் மாற்றத் தெரியாது, நீ ஒருமுறை காட்டிக் கொடு. நான் வர வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்னிடமே சொல்.

அப்பா