குளத்துல கப்பி விடாதீங்க சார்

நகராட்சி சுகாதாரப் பிரிவுல இருக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் கொசுப்புழுவ ஒழிக்கன்னு உங்க ஆளுங்க எங்க ஏரியா குளத்துல மீன் விட வந்தப்போ நான் படிக்கட்டுலதான் உக்காந்திருந்தேன். பெரிய பாலிதீன் கவர் ரெண்டு, அவுத்து அப்படியே கவுத்தாங்க. என்ன மீனுண்ணேன்னு கேட்டா ஒருத்தர் கம்பூசியாங்குறார், இன்னொருத்தர் இல்லப்பா கப்பிங்குறார். கவர் மூலையில ரெண்டு ஒட்டிட்டு இருந்துச்சு, கையில ஊத்திப் பார்த்தேன், ஒண்ணு ஆண், வால்ல ஆரஞ்சு புள்ளி, இன்னொண்ணு வயிறு உப்பி பின்னாடி கறுப்பு திட்டோட நிறை கர்ப்பத்துல இருக்குற பொட்டை. கப்பியேதான்.

எனக்கு எப்படித் தெரியும்னா சென்னை கொளத்தூர் கலர் மீன் கடையில ஒரு ஜோடி வாங்கிட்டு வந்து ஆரம்பிச்சவன் நான், இன்னிக்கு வீட்ல ஒம்போது தொட்டி. இது முட்டை போடாது, நேரா குட்டிதான், மூணு நாலு வாரத்துக்கு ஒரு ஈத்து. ஒரு தடவை ஆண் செத்துப்போச்சு, சரி இனிமே தொல்லை இல்லைனு நெனச்சா அதுக்கப்புறமும் பொட்டை குட்டி போட்டுட்டே இருக்கு, ஏன்னா ஆணோட விந்தை மாசக்கணக்கா உள்ளேயே சேத்து வச்சிக்கும். அதாவது ஒரு குளம் நிரம்ப ஒரே ஒரு பொட்டை போதும் சார், நீங்க ரெண்டு கவர் கொட்டிருக்கீங்க.

கப்பி மேல எனக்கு கோவம் இல்ல. அதோட சொந்த ஊரு டிரினிடாட், வெனிசுலா பக்கம். அங்க அருவிக்குக் கீழ பெரிய மீன் பிடிச்சு தின்னுடும்ங்கிறதால ஆண் மங்கலாவே இருக்கும், அருவிக்கு மேல அந்த பயம் இல்லாததால கலர் கலரா மினுக்கும், ஜான் எண்ட்லர்னு ஒருத்தர் இதை சோதிச்சு 1980ல எழுதினார். அழகான மீன், அதோட ஓடையில. கம்பூசியா இன்னும் மோசம், அமெரிக்கா மீன், 1928ல இத்தாலி வழியா இந்தியாவுக்கு கொண்டுவந்தாங்க, உலகத்துலயே மோசமான 100 அந்நிய உயிரினங்கள்னு ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கை பாதுகாப்பு அமைப்பு போட்ட பட்டியல்ல அதுவும் இருக்கு. தவளை முட்டை, தலைப்பிரட்டை, மத்த மீனோட குஞ்சுனு எதையும் விடாது, கொஞ்சம் பெரிய மீனா இருந்தா துடுப்பை கடிச்சு வைக்கும். தலைப்பிரட்டையும் தும்பிக் குஞ்சும் போச்சுன்னா கொசுப்புழுவ கட்டுக்குள்ள வச்சிருந்த அதுங்க வேலைய யாரு பண்றது?

அதுவுமில்லாம டெங்கு கொசு குளத்துலயா முட்டை போடுது? டயர், பூந்தொட்டி தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்குற ட்ரே, மூடாத டிரம், அங்கெல்லாம் மீன் விட முடியுமா. வெளிய எங்கயும் வழி இல்லாத பாழுங்கிணறு, அதுல கப்பி விடுங்க, நானே இலவசமா தரேன். குளத்துக்குத்தான் வேணாம்ங்குறேன், மழையில நிரம்பி வழிஞ்சா கால்வாய், அங்கருந்து ஏரி, அப்புறம் யாராலயும் திருப்பி எடுக்க முடியாது.

குளத்துக்கு மீன் வேணும்னா அங்கயே இருக்கே, நெத்தியில வெள்ளிப் பொட்டு வச்ச குட்டி மீன், தண்ணி மேலயே மெதந்துட்டு நிக்கும், கேரளாவுல மானத்துகண்ணிம்பாங்க. கொசுப்புழுவ வளைச்சு வளைச்சு அடிக்கும். மெதுவாத்தான் பெருகும், ஒண்ணு ரெண்டு முட்டையா செடியில ஒட்டி வைக்கும், கவர்ல அள்ளிட்டு வர்ற அளவுக்கு சீக்கிரம் கிடைக்காது, ஒத்துக்குறேன். மீன்வளத்துறை பண்ணையில பெருக்கித் தர முடியுமானு ஒரு லெட்டர் போட்டு கேட்டுப் பாருங்களேன்.

இதை சொல்ற நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல, ஏழு வருஷம் முன்னாடி தொட்டியில இடம் பத்தலைன்னு ஒரு டப்பா கப்பிய இதே குளத்து வாய்க்கால்ல ஊத்தினவன்தான். பாவம் பொழைச்சிக்கட்டும்னு. நல்லாவே பொழைச்சிருச்சு, பாலத்துல நின்னு பாத்தா இப்பவும் அதுங்கதான் மொய்க்குது, முன்ன பாத்த பொட்டு மீனை அந்தப் பக்கம் காணோம்.

அன்னிக்கு கையில எடுத்த ரெண்டையும் நான் திருப்பி விடல, வீட்டுக்கு கொண்டுவந்து பக்கெட்ல போட்டேன். நேத்து ராத்திரி பொட்டை ஈன்றுச்சு. அம்மாவே தின்னுடும்னு டீ வடிகட்டியால ஒவ்வொண்ணா எடுத்து வேற டப்பாவுல விட்டு எண்ணினேன், 23.